ஏழாவது பெயர்

புதிதாகப் போதகர் பணிக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பிரசங்கம் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. என் பிரசங்கத்தில் தூங்கியவர்கள் மெரிலேண்ட்ஸில் இன்னும் நல்ல சுகத்தோடு இருக்கிறார்கள். அவர்களிடம் விசாரித்தால் அந்த விஷயத்தில் என் தகுதி தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற போதகர்களைக் கூப்பிட்டால் தாங்கள் கட்டிய ஆலயங்களையும் நடத்திய விழாக்களையும் பேசுவார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ஒரு நிமிடத்துக்குள் செய்து முடித்த பிழை. அதன் பின் ஒரு தாய் எங்கள் ஆலய வாசலை மிதிக்கவே இல்லை.

நாங்கள் கூடிய ஆலயம் ஓர் அவுஸ்திரேலியச் சபைக்குச் சொந்தமானது. காலை ஒன்பது மணிக்கு அவர்கள், பதினொன்றுக்குச் சிங்களச் சபை, பின்னேரம் நாலு மணிக்குத் தமிழ்ச் சபை. ஒரே கூரை, ஒரே வாகனத் தரிப்பிடம், ஒரே குசினி. அடுப்பைத் துடைக்காமல் போனது யார், பெரிய தாச்சிச் சட்டியை ஒளித்து வைத்தது யார் என்பதுதான் மூன்று சபைகளுக்கும் இடையில் நடந்த கடிதப் போக்குவரத்து. மற்றப்படி தமிழரும் சிங்களவரும் தரிப்பிடத்தில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறுவார்கள். ஊரில் போர் முடிந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இரண்டு பக்கமும் ஒரே விமானப் பாதையில்தான் வந்திருந்தோம், ஆனால் வேறு வேறு செய்திகளைச் சுமந்துகொண்டு.

அங்கிருந்த அவுஸ்திரேலியப் போதகர் என்னைவிட மூத்தவர். பெயரைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். ஆராதனை தொடங்கும்போது இந்த மண்ணின் ஆதிக்குடிகளை நினைத்து நாலு வரி வாசிப்பது அவர்கள் வழக்கம். ஒருநாள் மூன்று சபைகளையும் ஒன்றாகக் கூட்டி அந்த நாலு வரியை வாசித்துவிட்டு அவர் சொன்னார்: "இதை நான் வாராவாரம் வாசிக்கிறேன். இந்த மண்ணில் நாங்கள் செய்ததற்கு இது போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வீட்டுக்குள்ளேயே இரண்டு சபைகள் ஒன்றையொன்று பார்க்காமல் போகின்றன. அதற்கு நான் எந்த நாலு வரியை வாசிப்பது?" இரண்டு காரியம் கேட்டார். சேர்ந்து ஊழியம் செய்யுங்கள். பிறகு, முடிந்தால், சேர்ந்து ஜெபியுங்கள்.

ஊழியம் சுலபமாகத் தொடங்கியது. சனிக்கிழமைகளில் மதியச் சாப்பாடு. விசா முடிவுக்காகக் காத்திருந்த பொடியன்கள், பரமட்டா ஸ்டேஷன் பக்கம் படுத்தெழும்பும் ஆட்கள், தனியாக வாழும் முதியவர்கள், யார் வந்தாலும் ஒரு கோப்பை சோறு. சமையலுக்குத் தமிழ்ச் சபையில் இருந்து ரஞ்சிதம் அக்கா வந்தார். சிங்களச் சபையில் இருந்து குசுமா வந்தார். இருவருக்கும் பொதுவான பாஷை என்று சொல்ல ஒன்றும் இல்லை. குசுமாவுக்குத் தமிழ் வராது, ரஞ்சிதம் அக்காவுக்குச் சிங்களம் பத்துச் சொல், இருவரின் ஆங்கிலமும் கடைக்குப் போய் வரப் போதுமான அளவுதான். ஆனால் அக்கா என்ற சொல் இரண்டு பாஷையிலும் ஒன்று. குசுமா அவரை அக்கா என்றார். அவர் குசுமாவை நங்கி என்றார், சிங்களத்தில் தங்கை.

பருப்புக்குத் தேங்காய்ப்பாலை முதலே விடுவதா, கொதித்த பிறகு விடுவதா என்று இரண்டு பேரும் கைபாஷையில் சண்டை பிடித்ததை நான் கதவடியில் நின்று பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஒருமுறை குசுமா மாசிக் கருவாட்டுத் தூளைச் சம்பலில் அள்ளிப் போட, ரஞ்சிதம் அக்கா அகப்பையோடு துரத்தினார். இரண்டு வருடத்தில் அந்தக் குசினியில் நடந்ததுதான் இன நல்லிணக்கம். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. போதகர்மாருக்கு ஒரு வியாதி உண்டு. மேடையில் நடக்காதது எதுவும் நடந்ததாக எங்களுக்குத் தோன்றாது.

ரஞ்சிதம் அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு மகளும் ஒரு மகனும். மகள் சுகன்யா இங்கே வெஸ்ட்மீட் பக்கம் வேலை செய்து, தாயைக் கூப்பிட்டு எடுத்தவள். மகன் ஜெயரூபன் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். சரணடைந்தால் பெயரைப் பதிந்துவிட்டு விடுவோம் என்று இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தாய்தான் அவனைக் கூட்டிப் போனார். ஒருமுறை வீட்டுக்குப் போனபோது என்னிடம் சொன்னார். "அவன் மாட்டன் எண்டவன், பாஸ்டர். ஒளிச்சு நிண்டு பாப்பம் எண்டவன். நான்தான், ஒண்டும் செய்யமாட்டினம், பேரைப் பதிஞ்சுபோட்டு வா எண்டு, கையைப் பிடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தனான். பஸ்ஸில ஏறி யன்னலால பாத்தவன்." அந்தப் பையன் இறந்துவிட்டான் என்றால் அவனைக் கொண்டுபோய்க் கொடுத்தது தன் கை என்று ஆகிவிடும். அதனால் அவன் உயிரோடு இருந்தே ஆக வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

சேர்ந்து ஜெபிக்கும் நாளும் நெருங்கியது. எங்கள் சபையிலிருந்து மூன்று பேர், சிங்களச் சபையிலிருந்து மூன்று பேர், ஒரு குழு. போரில் இறந்தவர்களின் பெயர்களை இரண்டு பக்கமும் மாறி மாறி வாசிப்பது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுதிரி. யார் பக்கம் கூட, யார் பக்கம் குறைய என்று கதை வரக் கூடாதே என்று எண்ணிக்கையைச் சரிசமமாக வைத்தோம். பக்கத்துக்கு ஏழு. இந்தச் சரிசமம் என் யோசனை. எல்லாரும் மெச்சினார்கள், நானும் மெத்தப் பெருமைப்பட்டேன்.

சிங்களச் சபை ஒரு வாரத்தில் ஏழு பெயர் தந்தது. அதில் ஒன்று குசுமாவின் தம்பி, இராணுவத்தில் இருந்து இறந்தவன். எங்கள் சபையில் சாவு இல்லாத வீடே இல்லை, ஆனாலும் பெயர் வரவில்லை. ஒருவர் என்னை வாசலில் நிறுத்திக் கேட்டார்: "பாஸ்டர், என்ர தம்பியின்ர பேருக்குப் பக்கத்தில அவனைச் சுட்டவன்ர பேர் வரலாமோ? வந்தா நான் எப்பிடி ஆமென் சொல்லுறது?" இன்னொருவர், "சமாதானம் நல்லதுதான் பாஸ்டர், ஆனா இந்த வருசம் வேண்டாம்" என்றார். அவர்களில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். கெஞ்சியும் இழுத்தும் ஆறு பெயர் சேர்த்தேன். ஏழாவது கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. அச்சகம் நாலு மணிக்குப் பூட்டும். ஆராதனைப் புத்தகம் என் கணினியில் திறந்திருக்கிறது. இடப் பக்கம் ஏழு சிங்களப் பெயர். வலப் பக்கம் ஆறு தமிழ்ப் பெயர், அதன் கீழே ஒரு வெற்று வரி. சிங்களப் போதகருக்கு அழைப்பெடுத்து ஒரு பெயரைக் குறையுங்கள் என்று கேட்டிருக்கலாம். எந்தத் தாயிடம் போய் உன் பிள்ளையை எடுத்துவிட்டோம் என்று அவர் சொல்வார்? ஏழும் ஆறுமாகவே விட்டிருக்கலாம். எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். வெற்று வரியாகவே அச்சடித்திருக்கலாம். அது இன்றைக்கு எனக்கு எவ்வளவு நல்ல யோசனையாகப் படுகிறது! அன்று படவில்லை. ஜெயரூபன் என்று தட்டினேன். அனுப்பினேன். ரஞ்சிதம் அக்காவுக்கு உள்ளுக்குள் தெரிந்துதான் இருக்கும், சபையே சேர்ந்து ஜெபித்தால் மனப் பாரம் குறையும் என்று எனக்கு நானே ஒரு பிரசங்கமும் செய்துகொண்டேன்.

அவரிடம் முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டேன் என்றுதான் பிறகு எல்லாரிடமும் சொன்னேன். உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. மறக்கவில்லை. சனிக்கிழமை மதியம் குசினிக் கதவடிக்குப் போனேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, "என்ன பாஸ்டர், பசிக்குதோ?" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. பெயர்கள் மாறி மாறி வாசிக்கப்பட்டன. குசுமா தன் தம்பிக்கு மெழுகுதிரி ஏற்றியபோது தமிழ்ப் பக்கத்தில் ஒரு பெண் எழுந்து போய் அவருக்குக் கண் துடைக்கக் கைலேஞ்சி கொடுத்தார். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசியாக ஏழாவது பெயரை நானே வாசித்தேன், மெழுகுதிரியையும் நானே ஏற்றினேன்.

ரஞ்சிதம் அக்கா பின்னால் மண்டபக் கதவடியில், சமையல் உடுப்போடு நின்றுகொண்டிருந்தார். நடுவே நடந்து வந்தார். மெழுகுதிரி ஏற்ற வருகிறார் என்று நினைத்துச் சனம் விலகி வழி விட்டது. சிலர் மரியாதைக்கு எழுந்தும் நின்றார்கள். அவர் வந்து, குனிந்து, மெழுகுதிரியை ஊதி அணைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். சத்தமாகப் பேசவில்லை, ஆனால் என் சட்டையில் ஒலிவாங்கி இருந்தது, எல்லாருக்கும் கேட்டது.

"அவன் செத்ததை நீங்கள் கண்டனீங்களோ, பாஸ்டர்?"

"இல்லை அக்கா."

"நானும் காணேல்லை. பெத்த நானே காணேல்லை."

திரும்பிக் குசினிக்குப் போய்விட்டார். நான் எப்படியோ ஆசீர்வாதம் கூறி முடித்தேன். அவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். போகவில்லை. இரண்டு சபைக்கும் சோறு பரிமாறினார். எனக்கும் பரிமாறினார். கடைசி ஆள் சாப்பிட்டு முடிய, தாச்சியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மகளின் காரில் ஏறிப் போனார்.

அன்று பின்னேரம் சுகன்யா தொலைபேசியில் வந்தாள். "எனக்கும் தெரியும் பாஸ்டர், அண்ணா இல்லை எண்டு. ஐ நோ. ஆனா அதை அம்மாவுக்கு முன்னால சொல்லுற உரிமை மகள் எனக்கே இல்லை. உங்களுக்கு ஆர் தந்தது?" நான் மன்னிப்புக் கேட்டேன். "அம்மா அந்தப் புத்தகத்தை எல்லாம் திருப்பி வாங்கச் சொல்லுறா. அவன்ர பேர் அதில இருக்கக் கூடாதாம்" என்றாள்.

நூற்றிருபது பிரதி அடித்திருந்தோம். பலர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் காலை அந்த அவுஸ்திரேலியப் போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த அம்மாவிடம் நீங்கள் கேட்டீர்களா?" இல்லை என்றேன். அவர் கார்ச் சாவியை எடுத்தார். நாலு நாள் அவர் காரோட்ட, நான் வீடு வீடாக இறங்கினேன். சிங்களக் குடும்பங்கள் காரணம் கேட்காமலே எடுத்துத் தந்தன. எங்கள் ஆட்களில் சிலர் வாசலில் வைத்தே வாதாடினார்கள். "அவன் செத்தது ஊருக்கே தெரிஞ்ச விசயம், பாஸ்டர். நீங்கள் உண்மையைத்தானே வாசிச்சனீங்கள்." உண்மையை வாசிப்பதற்கும் ஒரு அனுமதி வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது, ஆனால் அதை அவர்களுக்குச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நான் வெறுங்கையோடு வந்தேனா, புத்தகத்தோடு வந்தேனா என்று அந்தப் போதகர் பார்ப்பார், காரைக் கிளப்புவார். நாலு நாளிலும் எனக்கு ஒரு உபதேசமும் செய்யவில்லை. யாராவது பிழை செய்துவிட்டு உங்களிடம் வரும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த புத்தகங்களைப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ரஞ்சிதம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் உள்கதவைத் திறந்தார், வலைக் கதவைத் திறக்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நின்றபடி கேட்டார்.

"எல்லாம் இருக்கோ?"

"நாலு குறையுது அக்கா. ஆரிட்ட இருக்கெண்டு தெரியேல்லை."

"அப்ப அந்த நாலு வீட்டிலயும் அவன் செத்துத்தான் போனான்" என்றார். "பெட்டியை அதில வைச்சிட்டுப் போங்கோ."

போதகராக நான் அழுதது பெரும்பாலும் மற்றவர்களின் வீட்டுக்குள். அன்று தெருவில் அழுதேன்.

குசுமாவுக்குத் தமிழ் தெரியாததால் அவருக்கு நடந்தது பாதிதான் விளங்கியிருந்தது. கொழும்பில் பணி செய்த காலத்தில் கற்ற ஓட்டைச் சிங்களத்தில் நான் அவருக்குச் சொன்னேன். என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை தேங்காயும் பருப்பும் வாங்கிக்கொண்டு ரஞ்சிதம் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். கதவு திறக்கவில்லை. அதற்கு அடுத்த சனியும் போனார். நாலாவது சனி கதவு திறந்தது. அதன் பிறகு ஒவ்வொரு சனியும் இரண்டு பேரும் அந்த வீட்டுக் குசினியில் சமைத்தார்கள், குசுமா தாச்சிகளைக் காரில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். சாப்பிட வந்த பொடியன்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வரலாமா என்று குசுமா மூலம் இரண்டு முறை கேட்டனுப்பினேன். இரண்டு முறையும் அதே பதில்: அக்கா வேண்டாம் என்கிறார். அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்ததை நான் உடைக்கவில்லை என்ற ஆறுதல் எனக்குண்டு. ஆனால் அதைக் காப்பாற்றியதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

ஆறு வருடம் அப்படியே போயிற்று. நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது சுகன்யா அழைத்தாள். தாய்க்குப் புற்றுநோய் முற்றிவிட்டது, மருத்துவமனையில் இருக்கிறார். "உங்களை வரச் சொல்லுறா பாஸ்டர். ஏன் எண்டு எனக்குத் தெரியேல்லை."

நல்ல வெயில் அடித்த ஒரு மத்தியானம் போனேன். குசுமா கட்டிலின் கால்மாட்டில் இருந்தபடி அவர் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ரஞ்சிதம் அக்கா சுருங்கிப் போயிருந்தார், ஆனால் கண் அதே கண். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது கிடக்கட்டும். நீங்கள் இப்ப எனக்கு என்ன ஜெபம் பண்ணுவீங்கள்?"

மரணப் படுக்கையில் நாங்கள் என்ன ஜெபிப்போம் என்று உங்களுக்குத் தெரியும். கர்த்தரிடம் போகிறீர்கள், உங்களுக்கு முன்னே போன உங்கள் அன்பானவர்களை அங்கே காண்பீர்கள். நூற்றுக்கணக்கான கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறேன், அது வாயில் தானாக வரும். வாயைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் அவர் எதற்காகக் கேட்கிறார் என்று உறைத்தது. வாயை மூடினேன்.

"என்ன ஜெபிக்க வேணும் எண்டு நீங்கள் சொல்லுங்கோ, அக்கா. நான் அப்பிடியே சொல்லுறன்."

அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "எல்லாரும் சொல்லுறினம், அங்க போய் உங்கட ஆக்களைக் காணுவீங்கள் எண்டு. என்ர மனுசனைக் காணுவன், அம்மாவைக் காணுவன், அது சரி. ஆனா பாஸ்டர், நான் போகேக்குள்ள அவன் அங்க இருக்கக் கூடாது. கதவடியில என்னைப் பாத்துக்கொண்டு நிக்கக் கூடாது. அதுக்கு ஜெபம் பண்ணுங்கோ."

குசுமா என்னைப் பார்த்தார். அக்கா என்ன கேட்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். அவர் அந்தக் கால்களை விடாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கட்டிலருகே முழங்காலில் நின்று, அவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஜெபித்தேன். ஆண்டவரே, இந்தத் தாய் உம்மிடம் வரும்போது ஜெயரூபன் அங்கே இருக்க வேண்டாம். இவர் எவ்வளவு காலமும் காத்திருப்பார். அவன் அவசரப்பட்டு வர வேண்டாம். தலை நரைத்து, முதுகு கூனி, தாயைவிடக் கிழவனாகி, ஆறுதலாக நடந்து வரட்டும்.

"ஆமென்" என்றார் ரஞ்சிதம் அக்கா. குசுமாவும் சொன்னார்.